அவர்கள் வண்டி

தணிக்கை என்றால் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து வவுச்சர் புரட்டுவது என்றுதான் என் வீட்டிலேயே நினைத்திருந்தார்கள். நான் சேர்ந்த காலத்தில் அது பாதி வேலை. மீதிப் பாதி, காலையில் தாம்பரத்தில் செங்கல்பட்டு ரயிலைப் பிடித்து, இறங்கி பஸ் மாறி, டேப்பும், வேலையின் அளவுகளைப் பொறியாளர் எழுதிவைக்கும் எம்-புக்கின் நகலுமாக ஏதோ ஒரு பேரூராட்சித் தெருவில் நின்று, தார் 20 மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கிறதே, இருக்கிறதா என்று ரோட்டோரத்தைக் கிளறிப் பார்ப்பது. காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும், எழுதியவரே கூட்டிப் போட்ட கணக்கு.

2020-இல் சிக்கன உத்தரவு வந்தது. அலுவலகச் செலவில் 20 சதவீதம் வெட்டு, புதுப் பணியிடம் கிடையாது. ஏப்ரலிலேயே அகவிலைப்படி உயர்வும் நின்றிருந்தது. கொரோனா நேரம், யாரும் பெரிதாக முணுமுணுக்கவில்லை. டோனர் இல்லையென்றால் பக்கத்து செக்‌ஷனில் கெஞ்சினோம், பேப்பரைக் கைக்காசில் வாங்கினோம். சரி, அதெல்லாம் சமாளிக்கலாம். நோய் போன பிறகும் எங்கள் அலுவலகத்தில் வெட்டும் கை நிற்கவில்லை என்பதுதான் விஷயம். மூன்று பேர் போன குழுவில் இரண்டு பேர், பத்து நாள் தணிக்கை ஆறு நாள், பயணப்படி பில் போட்டால் "ஒதுக்கீடு இல்லை" என்று திரும்பி வரும்.

நாட்டின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரான சிஏஜிக்காவது அரசியல் சாசனத்தின் 148-ஆவது பிரிவு இருக்கிறது. அவர் அலுவலக நிர்வாகச் செலவு தொகுப்பு நிதியிலிருந்து நேராகப் போகும், அதற்கு நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு கிடையாது. உள்ளாட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் எங்களுக்குப் படியளப்பது மாநில நிதித்துறை. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

ஒருநாள் ஒரு பேரூராட்சியில் நான்கு ரோடுகளை நேரில் பார்க்க வேண்டும். பஸ் போகாத ஊர்கள், ஆட்டோவுக்குக் கொடுத்தால் திரும்ப வராது. செயல் அலுவலர் தங்கமான மனிதர், "எதுக்கு சார் வெயில்ல, நம்ம ஜீப் இருக்கே" என்றார். ஏறினேன், வேறு என்ன செய்ய? முதலில் டிரைவர் இளநீர்க் கடையில் நிறுத்தினார். (வாங்கிக் குடித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.) மூன்று ரோடும் அருமை, கிளறிய இடத்திலெல்லாம் தார் சரியான கனம். நாலாவதுக்குப் போகலாம் என்றதும், "அங்க பாலம் வேலை நடக்குது சார், வண்டி போகாது." நடந்து போகலாம்தான். மணி நாலரை, மறுநாள் தணிக்கை முடிய வேண்டும், கூட வந்தவர் அலுவலகத்தில் ரசீதுப் புத்தகத்தோடு தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

நாலாவது ரோட்டுக்கு பாரா, அதாவது தணிக்கை ஆட்சேபம், எழுத என்னிடம் எதுவும் இல்லை. அறிக்கையில் "பணிகள் நேரில் ஆய்வு செய்யப்பட்டன" என்று எழுதினேன், அது பொய்யும் இல்லை. மாதக் கடைசியில் பில் செக்‌ஷன் தம்பி என் மேஜைக்கே வந்து, "இந்த டூருக்கு பயணப்படி பில்லே போடலையா சார், ரொம்ப நல்லது" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார்.