ரேடியோ டிடெக்டருக்குப் பின்னால் ஒரு பி.சி.547: கணக்கும் கோளாறுகளும்

மீடியம் வேவ் ரேடியோவில் டிடெக்டர் டயோடிலிருந்து (ரேடியோ அலையிலிருந்து ஒலியைப் பிரித்தெடுக்கும் டயோட்) வரும் ஆடியோ சில பத்து மில்லிவோல்ட்தான் இருக்கும். அதை ஏற்ற ஒரு பி.சி.547 டிரான்சிஸ்டர் போதும். பெருக்கம் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. முன்னால் இருக்கும் டயோடின் கழுத்தை நெரிக்காமல் பெருக்குவதற்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது.

முதலில் டி.சி. கணக்கு. 9 வோல்ட் பேட்டரி. கலெக்டர் மின்னோட்டம் 1 மில்லி ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக வைத்தேன். எமிட்டரில் 1 வோல்ட்டை ஒட்டி நின்றால், சூட்டினாலோ டிரான்சிஸ்டரை மாற்றினாலோ பயாஸ் (சிக்னல் இல்லாதபோது டிரான்சிஸ்டர் நிற்கும் டி.சி. நிலை) அவ்வளவாக நகராது. எமிட்டரில் 100 ஓமும் 1 கிலோ ஓமும் தொடராக, கலெக்டரில் 4.7 கிலோ ஓம், பேஸுக்கு மேலே 82 கிலோ, கீழே 18 கிலோ. பேஸ் 3 முதல் 8 மைக்ரோ ஆம்பியர்தான் இழுக்கும். 82 கிலோவும் 18 கிலோவும் சேர்ந்த டிவைடரில் ஏறக்குறைய 90 மைக்ரோ ஆம்பியர் ஓடுவதால் பேஸ் மின்னழுத்தம் அசையாது.

சால்டர் வைத்ததும் சிக்னல் கொடுக்காமல் மல்டிமீட்டரை எடுங்கள். பேஸ் 1.5, எமிட்டர் 0.9, கலெக்டர் 5 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். கலெக்டருக்கு மேலும் கீழும் ஆட ஏறக்குறைய சமமான இடம் அப்போதுதான் கிடைக்கும். எமிட்டரில் 0.9-க்குப் பதில் 0.3 மாதிரி ஏதாவது காட்டினால், கலெக்டரும் எமிட்டரும் இடம் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். பி.சி.547-இன் தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருந்தால், இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904-இல் இது அப்படியே தலைகீழ். திருப்பிப் போட்டாலும் டிரான்சிஸ்டர் அரைகுறையாக வேலை செய்யும் என்பதால் இந்தத் தவறு எளிதில் கண்ணில் படாது. எமிட்டர்-பேஸ் சந்தி தலைகீழாகத் தாங்குவது 6 வோல்ட்தான். அப்படியே விட்டுவைத்தால் டிரான்சிஸ்டர் கெட்டும் போகலாம்.

இனி பெருக்கம். 47 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரை 1 கிலோ ஓமுக்கு மட்டும் குறுக்கே போடுங்கள். 100 ஓமை விட்டுவிடுங்கள். டிரான்சிஸ்டருக்குள்ளேயே இருக்கும் எமிட்டர் தடை சுமார் 30 ஓம். ஆக 4700-ஐ 130-ஆல் வகுத்தால் 36 மடங்கு. 100 ஓமையும் சேர்த்துக் கெப்பாசிட்டரால் பைபாஸ் செய்தால் 150 மடங்கு தாண்டும், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அப்போது இன்புட் தடை 4 கிலோ ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 100 ஓம் இருந்தால் 9 கிலோ ஓமுக்கு மேல் நிற்கும், ஒலியும் சுத்தமாக வரும்.

இந்த 9 கிலோ ஓம் ஏன் முக்கியம்? டயோடுக்குப் பின் 4.7 நானோ ஃபாரட், 10 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோல், அதன் நடுக்காலிலிருந்து 1 மைக்ரோ ஃபாரட் வழியாக பேஸ் (எலக்ட்ரோலிட்டிக் என்றால் பிளஸ் முனை பேஸ் பக்கம்). வால்யூமைப் பாதி வரை திருப்பும்போது குரல் தெளிவாக இருக்கும். முழுக்கத் திருப்பினால், அறிவிப்பாளர் அழுத்திச் சொல்லும் சொற்கள் மட்டும் கரகரக்கும். ஆம்ப்ளிஃபையர்தான் நிரம்பிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். கரகரப்பு பிறக்கும் இடம் டயோட். டி.சி.க்கு அது பார்க்கும் சுமை 10 கிலோ. ஆடியோவுக்கோ அந்த 10 கிலோவும் ஆம்ப்ளிஃபையரின் இன்புட் தடையான 9.4 கிலோவும் இணையாகச் சேர்ந்து 4.8 கிலோ. விகிதம் 0.48. அதனால் பண்பேற்றம் (ஒலிக்கேற்ப ரேடியோ அலையின் உயரம் மாறும் அளவு) 48 சதவீதத்தைத் தாண்டும் இடமெல்லாம் அலையின் அடிப்பகுதி வெட்டுப்படும். டயோடுக்கும் வால்யூம் கண்ட்ரோலுக்கும் நடுவே ஒரு 4.7 கிலோ ஓம் தொடராகப் போட்டால் விகிதம் 0.65 ஆகிறது. ஒலி ஏறக்குறைய பாதியாகும். 36 மடங்கு கையில் இருக்கும்போது அது பெரிய இழப்பில்லை.

அவுட்புட்டில் 10 மைக்ரோ ஃபாரட், பிளஸ் முனை கலெக்டருக்கு. கிரிஸ்டல் இயர்ஃபோனை நேராக மாட்டலாம். 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள்: 8-ஐ 130-ஆல் வகுத்துப் பாருங்கள், 0.06, பெருக்குவதற்குப் பதில் சிக்னலைத் தின்றுவிடும். ஸ்பீக்கர் வேண்டுமென்றால் பின்னால் எல்.எம்.386 ஆம்ப்ளிஃபையர் ஐ.சி. அதன் 1, 8 கால்களுக்கு இடையே எதையும் போடாமல் 20 மடங்கிலேயே விடுங்கள்.

ஸ்பீக்கர் வந்ததும் புதிதாக ஒரு கோளாறு முளைக்கும்: வால்யூமை ஏற்றினால் மோட்டார் படகு மாதிரி டபடபவென்ற சத்தம். பேட்டரி பழசாகி உள்தடை ஏற, ஸ்பீக்கர் இழுக்கும் மின்னோட்டம் சப்ளையை ஆட்டுகிறது. அந்த ஆட்டம் 82 கிலோ வழியாக பேஸுக்குத் திரும்புகிறது. இதை அடக்க, முதல் ஸ்டேஜின் (பி.சி.547-இன்) சப்ளையில் 220 ஓம் தொடராக, அதற்குப் பின் 100 மைக்ரோ ஃபாரட் தரைக்கு. மேலே சொன்ன வோல்ட் அளவுகள் இந்த 220 ஓமோடு சேர்த்து எடுத்தவை.

வால்யூமைக் குறைத்தும் பக்கத்து நிலையம் ஒன்று மங்கலாகக் கேட்டுக்கொண்டே இருந்தால், வால்யூம் கண்ட்ரோலிலிருந்து வரும் வயர் ஆன்டெனாவாகிவிட்டது. பேஸ்-எமிட்டர் சந்தியே அந்த அலையை டிடெக்ட் செய்கிறது. வயரைச் சுருக்கி, பேஸுக்குத் தொடராக 1 கிலோ ஓமும், பேஸ்-எமிட்டர் கால்களுக்குக் குறுக்கே 220 பிக்கோ ஃபாரடும் கால்களை ஒட்டியே சால்டர் செய்தால் அடங்கும்.