எந்த நரம்பும்மா?

பெங்களூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் நியூராலஜி என்ற நரம்பியல் பிரிவில் பதினோரு வருஷமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். நெர்வ் கண்டக்‌ஷன் டெஸ்ட் எடுப்பது என் வேலை. நோயாளிகளுக்கு அது 'கரண்ட் டெஸ்ட்'. மணிக்கட்டிலும் முழங்கையிலும் லேசாக மின்சாரம் கொடுத்து, நரம்பில் சேதி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்ப்போம். நல்ல நரம்பு என்றால் கையில் நொடிக்கு 50 மீட்டருக்கு மேல் ஓடும். சர்க்கரை பல வருஷம் அரித்த நரம்பில் அந்த வேகம் குறையும்.

ஒருநாள் ஓசூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். காலையில் முதல் பஸ் பிடித்து வந்தவர், மதியம் வரை பெஞ்சில் காத்திருந்தார். "நரம்பு சுருட்டிக்கிச்சு தம்பி" என்று புடவையைச் சற்றுத் தூக்கிக் காட்டினார். கெண்டைக்காலில் நீலமாகப் புடைத்து நெளிந்த ரத்தக்குழாய்கள். வரவேற்பில் இருந்த பெண்ணுக்குக் கன்னடம். அவர்களிடமும் 'நர' என்றால் நரம்பு, ரத்தக்குழாய் இரண்டும்தான். சீட்டில் நியூராலஜி என்று எழுதி அனுப்பிவிட்டார். உள்ளே இளம் டாக்டர் எரிச்சலோடு, "இது நரம்பே இல்லை, இதுகூடத் தெரியாதா?" என்றார். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அப்போது நான் வாய் திறக்காமல் நின்றது இன்றும் உறுத்துகிறது. அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு நானே கூட்டிப்போனேன்.

அவர் சொன்னதில் என்ன தப்பு? ஊசி போடும் நர்ஸ்கூட "நரம்பு கிடைக்கல" என்றுதானே சொல்கிறார்? பள்ளிப் பாடத்தில் இலைக்கும் நரம்புதான், நீர் ஓடும் நரம்பு. சங்க காலத்தில் நரம்பு யாழில் இருந்தது; பேரியாழுக்கு 21 நரம்புகள். முறுக்கிக் கட்டிய இழை எதுவானாலும் நமக்கு நரம்பு.

நியூராலஜி என்ற பெயரின் பூர்வீகமும் இதேதான். கிரேக்கத்தில் 'நியூரான்' என்றால் முதலில் தசைநாண், அதாவது தசையை எலும்போடு கட்டும் நார்; விலங்கின் நாரில் திரித்த கயிறும் அதுதான். பழைய கிரேக்க மருத்துவரான ஹிப்போகிரட்டீஸ் காலத்து மருத்துவர்களும் தசைநாணையும் நரம்பையும் அந்த ஒரே சொல்லால்தான் அழைத்தார்கள். பிறகு எகிப்தின் அலெக்சாந்திரியாவில் ஹெரோஃபிலஸ் போன்ற மருத்துவர்கள் உடலை அறுத்துப் பார்த்து இரண்டையும் பிரித்தார்கள். 1664இல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், மூளையின் உடற்கூறு பற்றி லத்தீனில் எழுதிய நூலில், நரம்புகளைப் பற்றிய அறிவுக்கு இந்தப் பெயரை வைத்தார். அந்த நூலுக்குப் படம் வரைந்தவர்களில் ஒருவர், பின்னாளில் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென். பழைய பொருள் இன்னும் சாகவில்லை. உள்ளங்காலில் இருக்கும் தட்டையான நார்ப்பட்டையை டாக்டர்கள் இன்றும் 'அப்போநியூரோசிஸ்' என்கிறார்கள். அதில் 'நியூரோ' இருக்கிறது, நரம்பு இல்லை.

எங்கள் துறையே கயிற்றின் பெயரைச் சுமந்து நிற்கும்போது, அந்த அம்மாவை வெட்கப்பட வைக்க எங்களுக்கு உரிமை இல்லை. கேட்க வேண்டியது நாங்கள்தான்.

இப்போது தமிழ் பேசுபவர் யார் வந்தாலும் மெஷினைத் தொடும் முன் கேட்டுவிடுகிறேன்: "எந்த நரம்பு? விரலை வச்சுக் காட்டுங்க." போன வாரம் தர்மபுரிக்காரப் பெரியவர் ஒருவர் குனிந்து, குதிகாலுக்கு மேலே விறைத்து நிற்கும் அந்தத் தடித்த நாணைப் பிடித்துக் காட்டினார். "இந்த நரம்புதான் இழுக்குது, தம்பி." டாக்டரிடம் சொல்லி, சீட்டை எலும்புப் பிரிவுக்கு மாற்றி வாங்கிக் கொடுத்தேன்.