புல்வாருக்குள் ஒரு பழைய வீடு: இடிக்காமல் மீட்ட கதை

புதுச்சேரிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே போய் மஞ்சள் சுவரையும் காகிதப்பூவையும் படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுவார்கள். எங்கள் தாத்தா வீடும் அதே புல்வாருக்குள், அதாவது சுற்று வீதிகளுக்கு நடுவே இருக்கும் பழைய ஊருக்குள்தான், ஆனால் வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பக்கம். ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதி குடியிருந்த வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். கீழே திண்ணை, முற்றம், மரத்தூண் என்று முழுக்கத் தமிழ் வீடு, மாடிக்குப் போனால் வளைவு ஜன்னலும் சுதை வேலையும் பிரெஞ்சு பாணி. 18ஆம் நூற்றாண்டின் ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையிலேயே இந்தக் கலவையைப் பார்க்கலாம். அப்புறம் கையில் காசு வந்த எத்தனையோ குடும்பங்கள் தங்கள் அளவுக்கு அப்படிக் கட்டிக்கொண்டார்கள்.

அந்த வீட்டை இடிக்காமல் பழுது பார்த்து மறுபடி குடிவந்ததைத்தான் எழுதுகிறேன். இதே மாதிரி வீட்டை வைத்துக்கொண்டு முழிக்கிற உறவுக்காரர்கள் அடிக்கடி போன் செய்து கேட்கிறார்கள், எல்லோரும் முதலில் கேட்பது சதுர அடிக்கு என்ன ஆச்சு என்பதைத்தான். பணம் கஷ்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பணத்துக்கு முன்னால் பத்திரம் இருக்கிறது.

தாத்தா பேரில் இருந்த வீட்டுக்கு வாரிசு என்று பார்த்தால் அம்மா, சித்தி, பாரிஸ் பக்கத்தில் இருக்கும் சின்ன மாமா, இறந்துபோன பெரிய மாமாவின் மனைவி, பிள்ளைகள். யாருக்கும் யாரோடும் சண்டை இல்லை, அதனாலேயே யாரும் பேசாமல் வருஷங்கள் போயின. புதுச்சேரியில் இது சாதாரணம். வீட்டுக்கு ஒருத்தராவது பிரான்ஸில் இருப்பார், பழைய பத்திரம் பிரெஞ்சில் நோத்தேர் (பத்திரம் எழுதிச் சான்றளிக்கும் பிரெஞ்சு அதிகாரி) எழுதியதாக இருக்கும், அதை மொழிபெயர்த்துச் சான்றோடு வைத்தால்தான் மேற்கொண்டு நகரும். மாமா அங்கிருந்து தூதரகத்தில் கையெழுத்திட்டு பவர் பத்திரம் அனுப்பினார். அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும், இதைத் தெரியாமல் பீரோவில் பூட்டி வைத்துவிட்டு மறுபடி எழுதி வாங்கியவர்களை எனக்குத் தெரியும். கடைசியில் சித்தியும் அத்தையும் பணமாக வாங்கிக்கொண்டு தங்கள் பங்குக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள், அம்மாவும் மாமாவும் வீட்டை வைத்துக்கொண்டார்கள். வெளிநாட்டில் இருக்கும் பங்காளியிடம் வாட்ஸாப்பில் "சரி மாமா, பார்த்துக்கலாம்" என்று முடித்துவிடாமல் யாருக்கு என்ன என்று எழுத்தில் போட்டுவிடுங்கள்.

அடுத்து இன்ஜினியர். வந்து பார்த்த முதல் ஆள் சுவரை விரலால் ஒரு தட்டு தட்டிவிட்டு, "இடிச்சுட்டு கீழ பார்க்கிங், மேல மூணு மாடி போட்டுடலாம்மா, வாடகை வரும்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், கணக்குப்படி அவர் சொன்னது சரிதான். இந்த வீதிகளில் மனை குறுகலாக நீளமாக இருக்கும், நான்கு பங்காளிக்குப் பிரிக்க முடியாது, அடுக்ககம் கட்டினால் ஆளுக்கு ஒரு தளம். 1990களில் புதுச்சேரியில் சுமார் 1,800 பாரம்பரியக் கட்டடங்களைப் பட்டியல் எடுத்தார்கள், அதில் பல நூறு இப்படித்தான் போனது. எங்கள் வீட்டுப் பேச்சில் பிரெஞ்சுக் காலத்து நகராட்சிக் கட்டடமான மேரி கட்டடத்தையும் இழுத்தார்கள். 2014 நவம்பர் 29 அன்று கொட்டிய மழையில் அது அப்படியே சரிந்ததே, அந்தப் பயம். பழசு என்றால் இதுதான் கதி என்றார் சித்தப்பா. கவனிக்காமல் விட்டால் இதுதான் கதி என்றேன் நான். பிறகு அதே இடத்தில் அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டி 2021இல் திறந்தார்கள். ஒழுகும்போதே கவனிப்பது அதைவிட மலிவு என்பது என் கட்சி.

வழி காட்டியது வைசியாள் வீதிதான். 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற இன்டாக் அமைப்பு அங்கே வரிசையாக முகப்புகளைச் சீர்செய்தது, வீட்டுக்காரர்களும் செலவில் பங்கு போட்டார்கள். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதும் கிடைத்தது. நான் விருதைப் பார்க்கப் போகவில்லை, நடுவில் ஒரு வீடு மட்டும் சரியாக இருந்தால் அழகு வராது, வரிசையாக இருந்தால்தான் வரும் என்பதை அங்கே கண்ணால் பார்த்துக்கொண்டேன். தாழ்வாரச் சரிவு ஒரே உயரத்தில் போக வேண்டும், திண்ணைகள் தொடர வேண்டும். இடையில் ஒருத்தர் கண்ணாடிக் கதவு, ஏசிபி என்கிற அலுமினியப் பலகை என்று போட்டுவிட்டால் வீதியே பல் விழுந்த வாய்.

அனுமதி விஷயம் சுருக்கமாக: கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் திட்டக் குழும அனுமதியோடு பாரம்பரியக் குழுவின் ஒப்புதலும் தேவைப்படும். இருக்கிற வீட்டை அளந்து வரைந்த வரைபடமும் ஒவ்வொரு அறைக்கும் புகைப்படமும் கையில் இருந்தால் பாதி கேள்வி கேட்க மாட்டார்கள். ஒரு அலுவலகத்தில் எங்கள் கோப்பு கொஞ்ச காலம் காணாமலே போனது, நகல் வைத்திருந்ததால் தப்பித்தோம். வங்கியில் இன்னொரு கூத்து. நிலத்துக்கு மதிப்புப் போட்டார்கள், வீட்டுக்குச் சைபர்! நகைக்கடன்தான் கைகொடுத்தது.

வேலையில் பெரிய பகுதி மெட்ராஸ் டெரஸ் என்கிற பழைய பாணி மாடித்தளம். தேக்கு உத்திரங்களுக்கு மேல் குறுக்குக் கட்டைகள், அவற்றுக்கு மேல் ஒரு அங்குலக் கனத்தில் சின்னச் செங்கல்லை நிறுத்தி வைத்து, சுண்ணாம்புச் சாந்தில் மூலைவாட்டமாக அடுக்கிக்கொண்டே போவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலால் நாள்கணக்கில் அடிக்க வேண்டும். சத்தம் கெட்டிப்பட்டு, அடிக்கிற கட்டை துள்ள ஆரம்பிக்கும்வரை விடமாட்டேன் என்றார் மேஸ்திரி. அப்புறம்தான் மேலே தட்டோடு. இந்த வேலை தெரிந்த ஆட்கள் குறைவு. கிடைத்துவிட்டால் அவர்கள் தேதிக்கு நீங்கள் காத்திருங்கள், உங்கள் தேதிக்கு அவர்களை இழுக்காதீர்கள். உத்திரங்களில் எல்லாம் போகவில்லை, சுவருக்குள் புதைந்த முனைகள்தான் மக்கியிருந்தன. முனையை மட்டும் வெட்டி ஒட்டுப் போட்டோம். மாற்ற வேண்டியிருந்த ஒன்றிரண்டுக்குக் காரைக்குடி மரக்கடைக்குப் போனோம், அங்கே இடித்த வீடுகளின் மரம் அடுக்கிக் கிடக்கிறது. ஒரு வீட்டைக் காப்பாற்ற இன்னொரு வீட்டின் எலும்பு. சந்தோஷமாக வாங்கினேன் என்று சொல்ல மாட்டேன்.

சுவரில் முன்பு யாரோ இடுப்பு உயரத்துக்கு சிமென்ட் பூசியிருந்தார்கள். கடற்கரை ஊர், தரையிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும், சிமென்ட் உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும், உப்புப் பூத்துச் செங்கல் பொடியாக உதிரும். சிமென்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டு ஒரு கோடை முழுக்கச் சுவரைச் சும்மா காயவிட்டோம். வருகிறவர் போகிறவரெல்லாம் வேலை நின்றுபோச்சா என்று கேட்டார்கள். நிற்கவில்லை, அதுவும் வேலைதான்! பூசிய பிறகும் பிளாஸ்டிக் பெயின்ட் பக்கம் போகாதீர்கள், சுண்ணாம்பே அடியுங்கள். மாடி வேலையைத் தை மாதம் தொடங்கினால் ஐப்பசி மழைக்குள் மாடி இறுகிவிடும்.

கழிவறை, மின்சாரம், முற்றத்துக்கு மேல் மழைக்கு மறைப்பு எல்லாவற்றையும் இந்தக் காலத்துக்குச் செய்துகொண்டோம். அம்மாவுக்கு முழங்கால் வலி, கீழே படுக்கை அறையோடு ஒரு கழிவறை இல்லாமல் பாரம்பரியம் பேசி என்ன பயன்?

இப்போது ஊரில் பழைய வீடென்றால் உடனே ஹோம்ஸ்டே, கபே. எனக்கும் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். பெருமாள் கோயில் வீதியில் பழைய தமிழ் வீட்டைத் தங்கும் விடுதியாக அழகாக வைத்திருக்கிறார்கள், அந்த வருமானம் இல்லாவிட்டால் அதெல்லாம் நின்றிருக்காது என்பதும் உண்மை. ஆனால் வரிசை முழுக்க விடுதியாகிவிட்டால் காலையில் வாசல் தெளிக்க யார் இருப்பார்கள், மளிகைக்கடை யாரை நம்பி இருக்கும்? அதனால் மாடியை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டோம், விடுதி வாடகையோடு பார்த்தால் வருமானம் கம்மிதான்.

பக்கத்து வீட்டோடு எங்களுக்குப் பொதுச் சுவர். அவர்கள் மாடி நீர் எங்கள் சுவரில் இறங்கியதால் அவர்கள் குழாயையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருந்தது, செலவைப் பாதி பாதியாகப் போட்டுக்கொண்டோம். வேலையைப் பார்த்துவிட்டு அவர்களும் தாழ்வாரத்தைச் சரிசெய்ய மேஸ்திரியைக் கேட்டிருக்கிறார்கள். அவர் இப்போது செட்டிநாட்டில் ஒரு வேலையில் இருக்கிறார், பங்குனிக்கு மேல்தான் வருவாராம். அதற்குள் பாகப் பத்திரத்தை முடித்துவிடச் சொல்லியிருக்கிறேன்.