கையெழுத்துப் போட்டவர்களே

ஒரு காலத்தில் உலகின் மூன்றாவது பெரிய அணு ஆயுதக் கையிருப்பு உக்ரைன் மண்ணில் இருந்தது. 1994இல் புடாபெஸ்டில் உடன்படிக்கை போட்டு அதை விட்டுக்கொடுத்தார்கள். பதிலுக்குக் கிடைத்தது, எல்லைகளை மதிப்போம் என்ற வாக்குறுதி. அதில் ரஷ்யாவும் கையெழுத்துப் போட்டது.

அதே ரஷ்யாதான் 2014இல் உக்ரைனின் கிரீமியாவை எடுத்துக்கொண்டது. அப்புறம் 2022 பிப்ரவரி 24 விடியற்காலை, கீவ், கார்கிவ் என்று உக்ரைன் நகரங்கள் மேல் ரஷ்ய ஏவுகணைகள் விழுந்தன. அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த ராணுவக் கூட்டணியான நேட்டோவின் விரிவாக்கம்தான் காரணம் என்கிறார்கள் ரஷ்யத் தரப்பினர். சரி, அந்தக் கவலையைப் பேசித் தீர்க்கலாம். ஆனால் உக்ரைனின் மரியுபோல் நகரில் மக்கள் ஒளிந்திருந்த நாடக அரங்கின் வெளியே 'குழந்தைகள்' என்று தரையில் பெரிதாக எழுதியிருந்தார்கள். அதன் மேலும் குண்டு விழுந்ததே, அதற்கு என்ன காரணம் சொல்வார்கள்?

அந்த மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபையில் 141 நாடுகள் படையெடுப்பைக் கண்டித்து வாக்களித்தன. இந்தியா ஒதுங்கிக்கொண்டது. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.