“எதுக்கு பாஸ்டர்?”

“ஸ்தோத்திரம் சொல்லுங்க, தேவனுக்கு நன்றி சொல்லுங்க, சிஸ்டர்.”

“எதுக்கு பாஸ்டர்?”

ஐசியூ கதவுக்கு வெளியே ஒரு தாய் கேட்டது. உள்ளே மகன் வென்டிலேட்டரில். எங்களைப் போல மருத்துவமனை ஊழியத்தில் இருப்பவர்களுக்கு, “எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்” என்கிற 1 தெசலோனிக்கேயர் 5:18 நாக்கு நுனியில் நிற்கும். அதுவே பதிலாகப் போனது. வசனம் சரிதான். அந்தத் தாய் கேட்டது வசனத்தையா என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

“எல்லாவற்றிலேயும்” என்றுதானே அங்கே இருக்கிறது, வியாதிக்காக நன்றி சொல்லச் சொல்லவில்லையே என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் எபேசியர் 5:20 “எல்லாவற்றிற்காகவும்” என்கிறது. ஒன்றைக் காட்டி மற்றதை மறைப்பது நேர்மையில்லை.

துதி வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. பிலிப்பி சிறையில் அப்போஸ்தலன் பவுலும் உடன் ஊழியர் சீலாவும் அடிபட்ட உடம்போடு, கால்கள் தொழுமரத்தில் மாட்டியிருக்க, நடுராத்திரியில் பாடினார்கள். விடிந்ததும் அதே பவுல், “விசாரிக்காமல் அடித்தவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துப் போகட்டும்” என்ற பொருளில் நியாயம் கேட்கிறார் (அப்போஸ்தலர் 16:37). இந்தப் பாதியை நாம் பிரசங்கிப்பது குறைவு. இஸ்ரவேலர் கர்த்தரிடம் போகாமல் கூடாரத்துக்குள் முறுமுறுத்தது வேறு. தாவீது கர்த்தரிடமே போய் முறையிட்டது வேறு.

தாவீதின் 13ஆம் சங்கீதம் ஆறே வசனம். முதல் இரண்டில் நான்கு முறை “எதுவரைக்கும்”. துதி வருவது ஐந்திலும் ஆறிலும். படுக்கையருகே வாசிக்கும்போது இரண்டாம் வசனத்தோடு நிறுத்தி, இரண்டு மூன்று நிமிஷம் பேசாமல் உட்கார வேண்டும். நின்றுகொண்டு அல்ல, அவர்கள் கண்மட்டத்தில். அழுகை வரும், டாக்டர்மேல், பில்மேல், தேவன்மேல் கோபம் வரும். திருத்தக் கூடாது. அவசரப்பட்டு ஆறாம் வசனத்துக்குத் தாவினால், அடுத்த முறை “கர்த்தர் நல்லவர் பாஸ்டர்” என்று முடித்துக்கொள்வார்கள். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, கட்டப் பணமில்லை என்பதெல்லாம் நம் காதுக்கே வராது. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபின் சிநேகிதர் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல சிநேகிதராகவே இருந்தார்கள்.

சிலருக்கு ஐந்தாம் வசனம் அன்றைக்கு வராது. அவர்களுக்கு 88ஆம் சங்கீதம் இருக்கிறது. துதிக்கு ஏறாமல் இருளிலேயே முடிகிற ஜெபம்.

ஆனாலும் யோபு, பிள்ளைகளை இழந்த அன்றே ஸ்தோத்திரம் என்றான். யாரும் சொல்லச் சொல்லவில்லை. அந்தத் தாயும் கடைசியில் சொன்னார். நாங்கள் கேட்டுக்கொண்டதால், மெதுவாக, ஐசியூ கதவைப் பார்த்தபடி.