மெட்ரோ ஏன் மேலே ஏறுகிறது: போர் போட்டவனின் அனுபவம்

போன மாசியில் புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் ஒரு மனைக்கு மண் பரிசோதனை செய்யப் போயிருந்தேன். தெருமுனைக்கு வந்தால் கடல் தெரியும். மனைக்காரர் எழுபதைத் தாண்டியவர், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா, ஓய்வு பெற்ற பிறகும் பாரீஸிலேயே ரொம்ப வருஷம் இருந்துவிட்டு இப்போது சொந்த ஊரில் வீடு கட்ட வந்திருக்கிறார். நாங்கள் ட்ரைபாடை (மூன்று கால் சட்டத்தை) நிறுத்தி, துளை சரியாமல் பிடிக்கும் கேசிங் குழாயை இறக்கிக்கொண்டிருக்கும்போதே தன் ஆசையைச் சொல்லிவிட்டார்.

"தம்பி, பாரீஸ்ல எல்லா பில்டிங்குக்கும் அடியில காவ் இருக்கும். பழைய சாமான், ஒயின் பாட்டில் எல்லாம் அங்கதான். எனக்கும் இங்க அடியில ஒரு ரூம் வேணும், முடிஞ்சா காரையும் அங்கேயே விட்டுக்கலாம்."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். போர், அதாவது மண்ணைப் பார்க்கப் போடும் துளை, முடியாமல் வாயைத் திறக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் பட்டுக் கற்றுக்கொண்டது. சுத்தியல் விழுந்துகொண்டிருந்தது, அவர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார், பேச்சு என் பழைய வேலை பக்கம் போனது. சென்னை மெட்ரோவுக்குப் போர் போட்டவன் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அது என்ன தம்பி, ஏர்போர்ட்ல ஏறினா சின்னமலை வரைக்கும் தூண் மேல போகுது, சைதாப்பேட்டை வர்றதுக்குள்ள சுரங்கத்துல பூந்துடுது. பாதியில காசு வந்துச்சா?"

இந்தக் கேள்வியைக் கடலூரில் எங்கள் தெருவிலேயே எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். நம் ஆட்களுக்கு மெட்ரோ என்றால் சுரங்க ரயில், அது தூண் மேல் போனால் ஏதோ குறை வைத்துவிட்டார்கள், செலவைச் சுருக்கிவிட்டார்கள் என்று தோன்றுகிறது. சென்னையில் 2015 ஜூன் 29 அன்று முதன்முதலில் ஓடிய கோயம்பேடு - ஆலந்தூர் தடமே முழுக்கத் தூண் மேல்தான். சுரங்கத்துக்குள் ரயில் ஓட 2017 மே வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இரண்டு வருஷ இடைவெளியிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

பணம் ஒரு காரணம்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஒரு கிலோமீட்டரைத் தரைக்கு அடியில் கொண்டுபோக, தூண் மேல் கொண்டுபோவதைப்போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு செலவாகும். கட்டி முடித்த பிறகும் அந்தச் செலவு விடாது, காற்றுக்கு ராட்சத விசிறி வேண்டும், தீப்பிடித்தால் புகையை வெளியே தள்ள ஏற்பாடு வேண்டும், ஊறும் தண்ணீரை இறைக்க பம்ப் ஓட வேண்டும், பட்டப்பகலிலும் விளக்கு எரிய வேண்டும். ஆனால் பணத்தோடு பேச்சை முடித்துக்கொள்வதை என்னால் ஏற்க முடிவதில்லை, ஏனென்றால் மண் என்ன செய்யும் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

டிப்ளமோ சிவில் முடித்துவிட்டு மண் ஆய்வு செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தேன். மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்காக ஆற்காடு சாலைப் பக்கம் சில மாதங்கள் வேலை. மெரினா கலங்கரை விளக்கத்தில் தொடங்கி பூந்தமல்லிக்குப் போகும் தடம் அது, கோடம்பாக்கம் வரை தரைக்கு அடியில், வடபழனியை நெருங்கும்போது வெளியே வந்து மிச்சம் முழுக்கத் தூண் மேல். பகலில் சாலையில் துளை போடும் ரிக்கை நிறுத்த முடியாது, ராத்திரி தடுப்பு வைத்து விளக்கு போட்டு ஆரம்பிப்போம். ஸ்பூன் என்று நாங்கள் சொல்லும் மண் எடுக்கும் குழாய் இறங்க, 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. தூக்கித் தூக்கிப் போட வேண்டும், முதல் 15 செ.மீ. இறங்க ஆகும் அடியைக் கணக்கில் சேர்ப்பதில்லை, அடுத்த 30 செ.மீ. இறங்க எத்தனை அடி என்று எண்ணி எழுத வேண்டும், அதுதான் என்-வேல்யூ, மண் எவ்வளவு கெட்டி என்று சொல்லும் எண். நாலு தடவை அடித்தாலே இறங்கும் களிமண்ணும் உண்டு, ஐம்பது அடித்தும் அசையாத மண்ணும் உண்டு. ஸ்பூனை மேலே எடுத்து இரண்டாகப் பிளந்தால் உள்ளே சாம்பல் நிறக் களிமண், நடுவில் ஒரு விரல்கடை அளவுக்கு மணல் கோடு. பார்த்தால் ஒன்றுமே இல்லை என்று தோன்றும், ஆனால் ஆழத்தில் குழி வெட்டினால் அந்தக் கோடு வழியாகத்தான் தண்ணீர் பீறிக்கொண்டு வரும்.

முதல் மாதத்திலேயே ஒரு தப்பு செய்தேன். ஐம்பது மீட்டர் தள்ளி இரண்டு போர், ஒன்றில் பாறை பத்து மீட்டரில் தட்டியது, அடுத்ததில் பதினெட்டு மீட்டர் போயும் தட்டவில்லை. வரைபடத்தில் நான் இரண்டையும் ஒரே நேர்கோட்டால் சேர்த்து அழகாக முடித்துக் கொடுத்துவிட்டேன். எங்கள் சீனியர், அவரை எல்லோரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம், தாளைப் பார்த்ததும் கேட்டார்: "நடுவுல இறங்கிப் பாத்தியாடா?" என் கோட்டை ரப்பரால் அழித்தார், அதே இடத்தில் புள்ளிக்கோடு போட்டு அதன் மேல் மூன்று கேள்விக்குறி எழுதினார். "தூணுக்குன்னா பரவாயில்ல, தூண் வர்ற இடத்துல இன்னொரு போர் போட்டுப் பாத்துக்கலாம். சுரங்கத்துக்குன்னா மெஷின் இந்தக் கேள்விக்குறிக்குள்ள பூந்துதான் வெளிய வரணும்."

எனக்கு இந்த விஷயம் முழுதாகப் புரிந்தது அன்றைக்குத்தான். தூண் மேல் போகும் ரயில் இருபத்தைந்து, முப்பது மீட்டருக்கு ஒரு இடத்தில்தான் மண்ணைத் தொடுகிறது, அந்த ஒரு இடம் நன்றாகத் தெரிந்தால் போதும், தூணைத் தாங்கும் பைலை (மண்ணுக்குள் இறங்கும் கான்கிரீட் காலை) பாறை வரை இறக்கிவிடலாம், ஒரு இடம் சரியில்லை என்றால் தூணைக் கொஞ்சம் நகர்த்தக்கூட முடியும். சுரங்கத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. அது ஒவ்வொரு அங்குலத்திலும் மண்ணைத் தொட்டுக்கொண்டே போக வேண்டும்.

சென்னை மண் இந்த விஷயத்தில் பொல்லாதது. கடலோரத்தில் மணலும் களிமண்ணும், பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் போனால் சார்னோகைட் என்ற கரும்பாறை. (கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரரின் கல்லறைக் கல் இந்த வகை, அதனால் பாறைக்கே அவர் பெயர்.) முழுக்கப் பாறை என்றாலும் இயந்திரம் குடைந்துவிடும், முழுக்க மண் என்றாலும் குடைந்துவிடும். கீழ்ப்பாதி பாறை, மேல்பாதி மண் என்று வந்தால்தான் ஆபத்து, பாறையில் மோதி மோதிப் பற்கள் உடையும், அது தயங்கி நிற்கிற நேரத்தில் மேலே இருக்கும் மண் சரிந்து உள்ளே வரும், அந்த மண்ணுக்கு மேலேதான் சாலையும் வீடுகளும் இருக்கின்றன. தண்ணீர் சேர்ந்துகொண்டால் இன்னும் மோசம். கொல்கத்தா பௌபஜாரில் 2019 ஆகஸ்ட் கடைசியில் சுரங்க இயந்திரம் நீர் நிறைந்த மண்ணில் முட்டி, மேலே இருந்த பழைய வீடுகள் விரிசல் விட்டு இடிந்து, குடும்பம் குடும்பமாக ஆட்கள் வெளியேற வேண்டியிருந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு அண்ணாவின் மூன்று கேள்விக்குறிதான் கண் முன்னால் வந்தது.

தண்ணீர் என்றதும் கடலூர்க்காரனுக்கு 2015 ஞாபகம் வராமல் இருக்காது. அந்த நவம்பர் மழையில், தேவனாம்பட்டினம் போகும் வழியில் இருக்கும் எங்கள் பெரியப்பா வீட்டில், புதிதாகக் கட்டி இன்னும் தண்ணீர் நிரப்பாமல் வைத்திருந்த சம்ப் ஒரே ராத்திரியில் ஒரு முழம் மேலே எழும்பி நின்றது, மூடியோடு, சுவரில் ஒரு கீறல்கூட இல்லாமல். பெரியம்மா பயந்துபோய் அந்தப் பக்கமே போகவில்லை. காலிக் குடத்தைத் தண்ணீருக்குள் அமுக்கினால் கையை எதிர்த்துக்கொண்டு மேலே வருமே, அதேதான், சுற்றியிருக்கும் மண்ணில் தண்ணீர் ஏறிவிட்டால் காலித் தொட்டி மிதக்கப் பார்க்கும்.

சுரங்க ரயில் நிலையமும் ஒரு காலித் தொட்டிதான். சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், அடித்தளம் 17 மீட்டர் ஆழத்தில், நிலத்தடி நீர் 3 மீட்டரில் நிற்கிறது. அடித்தளத்துக்குக் கீழே 14 மீட்டர் தண்ணீரின் அழுத்தம், அதாவது சதுர மீட்டருக்கு 14 டன், மொத்தம் 56,000 டன் அந்த நிலையத்தை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும், ராத்திரி பகல் இல்லாமல், கட்டடம் இருக்கும் காலம் வரைக்கும். அதை அமுக்கிப் பிடிக்கத்தான் அவ்வளவு கனமான அடித்தளம், ஆழமான பக்கச் சுவர், சில இடங்களில் கீழே இழுத்துப் பிடிக்கும் பைல்கள். நெய்வேலியில் எங்கள் மாமா வேலை பார்த்தார், பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீரை இடைவிடாமல் பம்ப் செய்து இறக்கினால்தான் அங்கே சுரங்கம் வெட்டவே முடியும் என்று சின்ன வயதில் அவர் சொல்லிக் கேட்டபோது கதை மாதிரி இருந்தது.

அதற்காகத் தண்ணீர் இருந்தால் சுரங்கமே கூடாது என்று இல்லை. கலங்கரை விளக்கத்தில் கடல் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனாலும் அங்கே கீழேதான் போகிறார்கள். மயிலாப்பூர் கச்சேரி சாலையில் நடந்து பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை, அந்தத் தெருவில் தூண் நட்டால் பேருந்துக்கு வழி இருக்காது, ஜன்னலைத் திறந்தால் ரயில் இடிக்கும். சாலை அகலமாக இருந்து, மண் ஒத்துழைக்காமல் இருந்தால் மேலே. சாலை குறுகலாக, இரண்டு பக்கமும் பழைய கட்டடங்களாக இருந்தால், மண் என்ன சொன்னாலும் கூடுதலாகச் செலவழித்துக் கீழே. இரண்டும் இடக்காக அமைந்தால் ஆற்காடு சாலை மாதிரி, ஆழ்வார்திருநகர் - ஆலப்பாக்கம் இடையே ஏறக்குறைய நாலு கிலோமீட்டருக்கு இரண்டு தடங்களை ஒரே வரிசைத் தூணில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள்.

நினைத்த இடத்தில் ஏறவும் இறங்கவும் முடியாது என்பதையும் பலர் யோசிப்பதில்லை. மெட்ரோ ரயிலுக்கு நூறு மீட்டருக்கு மூன்று, நாலு மீட்டருக்கு மேல் சரிவு வைப்பதில்லை. பதினைந்து மீட்டர் ஆழத்திலிருந்து பத்து மீட்டர் உயரத்துக்கு வர 600, 800 மீட்டர் ஓட வேண்டும், அந்த நீளத்தில் ஒரு பகுதிக்குப் பாதை தரை மட்டத்திலேயே சுவர் மாதிரி குறுக்கே கிடக்கும். அதற்கு இடம் எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் மேலே கீழே மாறுவது நடக்கும்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது பெரியவர் கையை நீட்டி நிறுத்தினார். "எங்க ஊர்லயும் அப்படி ஒண்ணு இருக்கு தம்பி. லா ஷப்பல்."

லா ஷப்பல் பாரீஸில் நம் ஆட்கள் கடை வைத்திருக்கும் பகுதி, முருங்கைக்காயும் மல்லிகைப்பூவும் கிடைக்கும் இடம், அவருடைய மகள் அங்கே பக்கத்தில்தான் இருக்கிறாராம். அந்த வழியாகப் போகும் இரண்டாம் எண் மெட்ரோ தடம் அங்கே 1903இலிருந்து ஓடுகிறது, பெரும்பகுதி சுரங்கம், பார்பெஸ் தொடங்கி ஜோரேஸ் வரை நாலு நிலையம் மட்டும் இரும்புத் தூண் மேல். அந்த இடத்தில் வடக்கு ரயில் நிலையத்தின் தண்டவாளங்களும் கிழக்கு ரயில் நிலையத்தின் தண்டவாளங்களும் பள்ளத்தில் குறுக்கே போகின்றன, கொஞ்சம் தள்ளி ஒரு கால்வாய், அத்தனைக்கும் அடியில் நுழைவதைவிட மேலே தாண்டுவது சுலபம். "நாப்பது வருஷம் அதுல போயிருக்கேன், ஏன்னு யோசிச்சதே இல்ல" என்றார். லண்டனில் பெயரே அண்டர்கிரவுண்டு, ஆனால் பாதிக்கும் மேல் திறந்த வெளியில்தான் ஓடுகிறது, புறநகர் அன்றைக்கு வயல்காடாக இருந்ததால் தோண்ட வேண்டிய தேவையே வரவில்லை. தேம்ஸுக்கு வடக்கே குடைவதற்கு வாகான களிமண், தெற்கே மணலும் சரளையும் தண்ணீரும், தெற்கில் சுரங்கத் தடம் குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மேலே போவதால் தெருவுக்கு நஷ்டமே இல்லை என்று சொன்னால் அது பொய். நியூயார்க்கில் மான்ஹாட்டன் தெருக்களை இருட்டாக்கிய பழைய இரும்புப் பாதைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தே எடுத்துவிட்டார்கள், மூன்றாம் அவென்யூவில் இருந்தது 1955 வரை ஓடியது. ஆற்காடு சாலையில் எங்கள் ரிக்குக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை அக்கா ராத்திரி ஒரு மணி வரை எங்களுக்காகக் கடையைத் திறந்து வைத்திருப்பார். "இங்க தூண் வந்தா எங்கடைக்கு வெயில் வருமா தம்பி?" என்று ஒரு நாள் கேட்டார். சாயங்கால வெயில் குறையும் அக்கா என்றேன். அவர் அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. திட்டம் போடுகிறவர்கள் மண்ணைக் கேட்கிற அளவுக்குத் தெருவையும் கேட்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன், தூணின் உயரத்தைக் கொஞ்சம் கூட்டினால், நிலையத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் அந்த வெளிச்சத்தில் பாதியைக் காப்பாற்றலாம்.

வைத்திக்குப்பம் போர் சாயங்காலம் பத்து மீட்டரில் முடிந்தது, முழுக்க மணல். நீர்மட்டத்தை அன்றைக்கே எழுதக் கூடாது, போர் போடும்போது நாம் ஊற்றிய தண்ணீரும் உள்ளே நிற்கும். மறுநாள் காலை போனேன், பெரியவர் எனக்கு முன்னாலேயே வந்து குழி ஓரம் நின்றிருந்தார். டேப்பை அவர் கையிலேயே கொடுத்து இறக்கச் சொன்னேன். மேலே இழுத்தபோது 1.70 மீட்டருக்குக் கீழே டேப் நனைந்திருந்தது, இது மாசி மாதம், ஐப்பசியில் இன்னும் ஏறும்.

ஈர டேப்பை விரலால் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். "சரி தம்பி, அப்போ வீட்டைத் தூக்கிடுங்க" என்றார். தூண் மேல் வீடு, கீழே தரை மட்டத்தில் கார், சாமான் ரூம் மாடிப்படிக்கு அடியில் என்று பேசி முடித்தோம், சம்ப்பை மழைக்காலத்தில் காலியாக விடக் கூடாது என்றும் சொல்லி வைத்தேன். அவர் டேப்பை வெயிலில் பிடித்து போனில் ஒரு படம் எடுத்து லா ஷப்பலில் இருக்கும் மகளுக்கு அனுப்பினார், அங்கே அப்போது விடியற்காலை.