விலே பார்லே வந்தால் எச்சில் ஊறும்

போன ஜூனில் உளவியல் அறிமுகத் தாளை எழுதினேன். தபால் வழிப் படிப்பு. பகலில் மும்பை அந்தேரியில் அக்கவுன்ட்ஸ் வேலை. தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஏழாவது வரை படித்தவள் நான். அதற்குப் பிறகு எல்லாம் ஆங்கிலம்தான். ஆனாலும் புதிதாக ஒன்று மண்டையில் ஏற வேண்டுமென்றால் இன்றைக்கும் அது தமிழ் வழியாகத்தான் ஏறுகிறது.

முதல் பாடம் சுலபம். 1879இல் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வூண்ட் தொடங்கிய ஆய்வகம், 1916இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் வந்த உளவியல் துறை. இதையெல்லாம் உருப்போட்டுவிடலாம். என்னைத் திணற வைத்தது 'கற்றல்' பாடம். நெல்லையில் பி.எட். படிக்கும் சித்தி மகள் தன் புத்தகப் பக்கங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். தூண்டல், துலங்கல், ஆக்கநிலையிறுத்தம். சொல் தமிழில் கிடைத்துவிட்டது, பொருள்தான் பிடிபடவில்லை.

ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் நாய்க் கதை எல்லோருக்கும் தெரியும். உணவைக் கண்டால் நாய்க்கு எச்சில் ஊறும். அதை யாரும் கற்றுத் தரவில்லை. உணவுக்குச் சற்று முன்னால் ஓர் ஓசையைத் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்தால், பிறகு ஓசைக்கே எச்சில் ஊறும். ஓசை தூண்டல், எச்சில் துலங்கல், இப்படிப் பழக்குவது ஆக்கநிலையிறுத்தம். அசைன்மென்ட்டில் சொந்த எடுத்துக்காட்டு கேட்டிருந்தார்கள். 'புடீல் ஸ்டேஷன், மாஹிம்' என்று லோக்கலில் அறிவித்ததும் நான் பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு நகர்வதை எழுதினேன். அதைத் திருத்திய மேடம் சிவப்பு மையால் அடித்துவிட்டார். பக்கத்தில் ஒரே வரி: "எழுந்திருப்பது நீ செய்வது, எச்சில் தானாக ஊறுவது." அந்த வரியில்தான் எனக்குப் பாடமே திறந்தது. இறங்கத் தயாராவது அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் சொன்ன செயல்படு ஆக்கநிலையிறுத்தம். விளைவைப் பார்த்துப் பழகுவது. பாவ்லோவுடையது உடம்பு தன்னால் காட்டும் துலங்கல்.

அப்புறம் யோசித்தபோது, பாவ்லோவுக்கான எடுத்துக்காட்டும் அதே ரயிலில்தான் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், சாந்தாகுரூஸ் தாண்டியதும் 'விலே பார்லே' என்று அறிவிப்பு வரும். கொஞ்ச நேரத்தில் பார்லே ஆலையிலிருந்து பிஸ்கட் வேகும் வாசனை லேடீஸ் டப்பாவுக்குள் நிறையும். நாளடைவில் வாசனை வருவதற்கு முன்பே, ஊர்ப் பெயரைக் கேட்டதுமே வாயில் எச்சில் ஊறும். 2016இல் அந்த ஆலையில் உற்பத்தி நின்றது. பெயர் மட்டும் தினமும் காதில் விழுந்தது, வாசனை இல்லை. மெல்ல மெல்ல எச்சிலும் நின்றது. இதற்குப் பெயர் அணைதல். கொரோனாவில் ரயில் பயணமே இல்லாமல் இருந்துவிட்டுப் பல மாதம் கழித்து ஏறிய முதல் நாள், அதே அறிவிப்பைக் கேட்டதும் சட்டென்று எச்சில் ஊறியது. அன்றைக்குப் புரியவில்லை. அணைந்த துலங்கல் இடைவெளிக்குப் பிறகு தானாகத் திரும்புவதற்குத் தன்னியல்பு மீட்சி என்று பெயர் எனப் புத்தகத்தில் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. (பிஸ்கட் வாசனையே தின்று பழகியதால் வந்த தூண்டல்தான், ஆகவே இது இரண்டாம் நிலை ஆக்கநிலையிறுத்தம் என்று மேடம் திருத்தினார். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.)

அடுத்த குழப்பம் எதிர்மறை வலுவூட்டல். 'எதிர்மறை' என்றதுமே தண்டனை என்று நினைத்துவிடுகிறோம். பரீட்சையில் பாதிப் பேர் மதிப்பெண்ணை விடுவது இங்கேதான் என்று மேடம் சொன்னார். இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள்: ஏதாவது சேர்கிறதா, விலகுகிறதா? அதனால் நடத்தை கூடுகிறதா, குறைகிறதா? சேர்ந்தால் நேர்மறை, விலகினால் எதிர்மறை. நடத்தை கூடினால் வலுவூட்டல், குறைந்தால் தண்டனை. எங்கள் சந்தில் விடியற்காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும். நான் எழுந்து குடத்தை எடுக்கும்வரை அம்மா திட்டிக்கொண்டே இருப்பார். எடுத்ததும் திட்டு நின்றுவிடும். திட்டு விலகுகிறது, நான் எழுந்திருப்பது கூடுகிறது. எதிர்மறை வலுவூட்டல். அதே நேரம், திட்டினால் குடம் நிறைகிறது என்பது அம்மாவுக்கு நேர்மறை வலுவூட்டல். ஆக, நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பழக்கிக்கொண்டிருக்கிறோம்.

நினைவுப் பாடத்தை ரயிலிலேயே முடித்தேன். எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறதி எப்படி நடக்கிறது என்று 1885இல் எழுதியவர். முதலில் வேகமாக மறக்கிறோம், பிறகு மெதுவாக. அதனால் படித்ததை அன்று மாலையே ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை புரட்டினேன்.

பரீட்சையில் பத்து மதிப்பெண் கேள்வி: தண்டனைக்கும் எதிர்மறை வலுவூட்டலுக்கும் உள்ள வேறுபாடு, எடுத்துக்காட்டுடன். ஐந்து மணித் தண்ணீரையும் அம்மாவையும் அப்படியே எழுதிவிட்டு வந்தேன்.